ஆறாயிரத்து அறுபது

ஒமேகா-பி என்று ஒரு துகள் உண்டு. மூன்று குவார்க்குகள் சேர்ந்தால் பேரியான்; நம் உடம்பில் கோடானுகோடியாக இருக்கும் புரோட்டானும் அந்த வகைதான். ஒமேகா-பியில் உள்ள மூன்றில் ஒன்று பாட்டம் என்கிற மிகக் கனமான குவார்க், மற்ற இரண்டும் ஸ்ட்ரேஞ்ச் என்கிற நடுத்தரக் குவார்க்குகள். துகள்களை மோதவிடும் முடுக்கியில் பிறந்த மாத்திரத்தில் சிதைந்துபோகும். அதன் நிறை எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்வதற்கு முன்னால், விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லிவிட வேண்டும் என்று ஏழு வருஷம் பாடுபட்டேன். சொல்லியும் விட்டேன். ஆறாயிரத்து அறுபது எம்.இ.வி.; துகள் நிறைக்கு அதுதான் அலகு. புரோட்டானைப்போல ஏறக்குறைய ஆறரை மடங்கு.

முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருஷம் தேர்வுப் பொறுப்பும் ஆராய்ச்சிக் குழுச் செயலர் பொறுப்பும் சேர்ந்து என் தலையில் இருந்தன. முனைவர் பட்டத்துக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எதில் யார் மேலொப்பம் போட வேண்டும், எந்த நாளைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு டஜனுக்குக் குறையாது. எனக்கு மட்டும் பட்டம் இல்லை. ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தபோதுதான் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், எனக்குப் பதினைந்து வருஷம் கழித்து என் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கடிதத்தில் தேதி தப்பு என்று திருப்பி அனுப்பியவன் நான். இப்போது என்னுடைய அரையாண்டு அறிக்கைகளில் அவர் கையெழுத்துப் போட்டார். கூப்பிடுவது மட்டும் கடைசிவரை "அண்ணாச்சி"தான்.

கணக்கு இதுதான். மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் பேரியானின் நிறை கிடைக்காது. அவை ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன, அவற்றின் தற்சுழற்சிகள் ஒத்துப்போகின்றனவா முரண்டு பிடிக்கின்றனவா என்பதையெல்லாம் சமன்பாடாக எழுதித் தீர்க்க வேண்டும். அந்தச் சமன்பாட்டில் ஐந்து எண்கள் நாமாகப் பொருத்திக்கொள்பவை. ஏற்கனவே அளக்கப்பட்ட துகள்களை வைத்து அந்த ஐந்தையும் ஒரு தடவை நிறுத்திவிட்டால், பிறகு அவற்றில் கை வைக்கக் கூடாது. மற்ற துகள்களின் நிறை தானாக வந்து விழ வேண்டும். கை வைக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த ஒழுக்கமும்.

வீட்டுக் கணினியில் ஒரு ஓட்டம் முடிய நாற்பது நிமிடம் ஆகும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். பக்கத்துக் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்குகிற நாட்களில் தும்மல் வேறு. என் மனைவி அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"ஏங்க, தும்மித் தும்மி என்னத்தத் தேடுறீக? அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கையில அம்புடுமா?"

"அம்புடாது."

"அப்ப இருக்குன்னு யாரு சொன்னா?"

"இருந்தா எம்புட்டு இருக்கும்னு நான்தான் சொல்லப்போறேன்."

"நல்லாச் சொன்னீக. ரேசன் கார்டுல யார் யார் பேரு இருக்குன்னு கேட்டா மட்டும் மூணு மாசமாப் பதிலக் காணோம்."

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மார்ச்சில் ஆய்வேட்டின் ஆறு பிரதிகளையும் சமர்ப்பித்தேன். நான்காம் அத்தியாயம் நிறைகள், ஐந்தாம் அத்தியாயம் சிதைவுகள். அதற்கு முந்தின வருஷம்தான் ஒமேகா-பிக்குத் தம்பி முறையான துகள் ஒன்றை, அதாவது ஒரே ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உள்ளதை, அமெரிக்காவில் அளந்திருந்தார்கள். என் கணக்கு அதிலிருந்து ஒன்பது எம்.இ.வி.தான் தள்ளி விழுந்திருந்தது. அந்தத் தைரியத்தில், ஆறாயிரத்து அறுபதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இணைய மையத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒமேகா-பியை முதன்முதலாகப் பார்த்துவிட்டதாக, அதே அமெரிக்க முடுக்கியில் வேலை செய்யும் ஒரு குழு அறிவித்திருந்தது. நிறை ஆறாயிரத்து நூற்று அறுபத்தைந்து.

நூற்றைந்து அதிகம். கடையில் நூற்றைந்து கிராம் கூடிப்போனால் கிள்ளி எடுத்துவிடலாம். இங்கே நூற்றைந்து எம்.இ.வி. என்றால் கணக்கின் அடித்தளமே தப்பு என்று அர்த்தம். ஆனால் உலகத்தில் இந்தக் கணக்கைப் போட்ட மற்றவர்களும் ஏறக்குறைய என் பக்கத்தில்தான் நின்றார்கள். அத்தனை பேரும் தப்பா, அளவு தப்பா என்று கேட்க எனக்கு உரிமை இருந்தது. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து, பட்டாசு ஆலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த வாரத்தில் இரண்டு தேர்வாளர்களில் ஒருவருடைய அறிக்கை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆய்வேட்டைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார். ஒமேகா-பியின் நிறை அண்மையில் வந்த அளவோடு ஒத்துப்போகவில்லை. கணக்கைத் தக்கபடி திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும்.

வழிகாட்டி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பேசாம சமன்பாட்டுல ஒரு டெர்ம் சேத்துருவோம்."

"எதுக்கு?"

"நூத்தஞ்சுக்கு."

"அதுக்குப் பேரு டெர்ம் இல்ல. முட்டுக்குச்சி."

"முட்டுக்குச்சின்னே வச்சுக்கோங்க. கூரை நின்னாச் சரி."

"விதி என்ன சொல்லுது தெரியுமா? தேர்வாளர் சொன்னதுக்கு ஆய்வாளர் விளக்கம் குடுக்கலாம். திருத்தித்தான் ஆகணும்னு இல்ல. விளக்கத்த ஏத்துக்கிறலைன்னா மூணாவது தேர்வாளர் கிட்டப் போகும்."

"அந்த விதிய எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அதுக்கு அடுத்த விதியையும் சொல்லுங்க."

அவரே சொன்னார்.

"அறிக்கை வந்த நாள்ல இருந்து ஆறு மாசம். அது இப்பவே ஓட ஆரம்பிச்சிருச்சு. நீங்க விளக்கம் எழுதிப் போட்டுட்டு உக்காந்திருப்பீக. மூணாவது ஆளு அத மேசையில வச்சுக்கிட்டு ஏழாவது மாசம் முடியாதும்பாரு. அப்பத் திருத்த நாள் இருக்குமா? பதிவு ரத்தாயிரும். சரியா தப்பா?"

"சரி."

"ஒங்களுக்கு வயசு அறுபத்தொண்ணு. மறுபடி முதல்ல இருந்து பதிவு பண்ணுவீகளா?"

இதே சூழ்நிலையில் என்னிடம் வந்த ஆய்வாளர்களுக்கு நானும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அதுவும் இவ்வளவு மரியாதை இல்லாமல். திருத்துவதாக எழுதிக் கொடுத்தேன்.

ஒரு துகளை மட்டும் நூற்றைந்து உயர்த்துவது லேசான வேலை இல்லை. இரண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் சேர்ந்திருந்தால் நிறை கூடும் என்று ஒரு டெர்ம் எழுதினால், ஒமேகா-சி என்ற இன்னொரு துகளும் கூடவே எழும்பிவிடும். அதிலும் இரண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் உண்டு, பாட்டத்துக்குப் பதில் சார்ம் என்கிற குவார்க். அதை எப்போதோ அளந்துவிட்டார்கள், என் கணக்கும் அதோடு ஒத்துப்போயிருந்தது. ஆகவே, இரண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் சேர்ந்திருந்து, கூட இருப்பது பாட்டமாகவும் இருந்தால் மட்டும் வேலை செய்கிற ஒரு டெர்ம் எழுதினேன். உலகத்தில் ஒரே ஒருவருக்காக மட்டும் போடப்படும் அரசாணைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில்கூட "பொதுநலன் கருதி" என்று ஒரு வார்த்தை இருக்கும். நான் "உயர்வரிசைத் திருத்தம்" என்று எழுதினேன்.

அதோடும் முடியவில்லை. ஒமேகா-பி சிதைந்து ஒமேகா-சி ஆகும்போது, இரண்டின் நிறை வித்தியாசத்தில் ஐந்தாம் அடுக்காகச் சிதைவு வேகம் ஏறும். நிறையில் நூற்றைந்தை ஏற்றியதும் வேகம் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்திலும் அட்டவணை அட்டவணையாக மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக எத்தனை சொல்ல வேண்டும் என்பதை நான் கணித முறையில் அறிந்தது அந்த நவம்பரில்தான்.

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பக்க எண்கள் மாறினால் பொருளடக்கம் மாறும், அட்டவணைப் பட்டியல் மாறும், கடைசி அத்தியாயமும் பின்னிணைப்பும் நகர்ந்துபோகும், நூற்றறுபது தாளையும் ஆறு தடவை மறுபடி அச்சடிக்க வேண்டும். அதனால் புதிய நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை ஒரு வரி கூட்டி ஒரு வரி குறைத்து, சரியாகப் பழைய எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்து நூற்றுப் பதினெட்டில் முடியும்படி செய்தேன். நாற்பத்தெட்டுத் தாள் எடுத்துவிட்டு நாற்பத்தெட்டுத் தாள் வைத்தால் வேலை முடிந்தது. வழிகாட்டியே அசந்துபோனார்.

திருத்துவதற்காகத் திரும்பி வந்த ஆறு பழைய பிரதிகளையும் புதிய தாள்களையும் தூக்கிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். பைண்டிங் பட்டறையில் டிசம்பர் மாதத்துக் காலண்டர் அவசரம். வாசல் வரை அட்டை. ஒரு நீள மேஜையைச் சுற்றிப் பெண்கள் நடந்துகொண்டே ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் என் பிரதிகளை முதுகில் வெட்டிப் பிரித்துக் குவித்தார்.

"கவனமாச் செய்யணும்" என்றேன்.

"வாத்தியாரய்யா, முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளையும் ஒரு நாள் கூடாம குறையாமக் கோத்துக் குடுக்கிறவன் நான். ஒங்க நூத்தி அறுபது தாளு எனக்கு ஒரு சோலியா?"

"உள்ள இருக்கிறதையும் ஒரு தரம் பாத்துக்கோங்க."

"உள்ள இருக்கிறது ஒங்க சோலி. எண்ணிக்கை என் சோலி."

சாயங்காலம் ஆறு பிரதிகளும் கைக்கு வந்தன. நான் எதையும் பார்க்காமல் வாங்குகிறவன் அல்ல. அங்கேயே நின்று ஆறிலும் பக்க எண்களை ஒன்று முதல் நூற்றறுபது வரை புரட்டிச் சரிபார்த்தேன். ஒரு எண்கூடத் தப்பவில்லை. "ஆறு பிரதிகளும் எல்லா வகையிலும் ஒன்றே" என்ற சான்றிதழில் கையெழுத்திட்டு ஜனவரியில் சமர்ப்பித்தேன்.

மே மாதம் இரண்டாவது அளவு வந்தது. அதே முடுக்கியில் வேலை செய்யும் இன்னொரு குழு, அதே துகளை அளந்து, ஆறாயிரத்து ஐம்பத்து நான்கு என்று சொன்னது. என் பழைய எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் ஆறு. முதல் குழு தன் எண்ணைத் திரும்பப் பெறவில்லை. ஒரே ஊரில், ஒரே குழாயில் ஓடும் கற்றையிலிருந்து இரண்டு எண். அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளலாம், அதற்கு அவர்களுக்கு அவகாசம் இருந்தது. நான் மட்டும்தான் ஆறு மாதத்துக்குள் ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. சாய்ந்தும் விட்டேன், தப்பான பக்கம்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி விசாரித்தாள்.

"ஜெயிச்சிட்டீகளா தோத்துட்டீகளா, அதச் சொல்லுங்க."

"பழைய நம்பர் ஜெயிச்சிருச்சு."

"அத யாரு போட்டா?"

"நான்தான்."

"புதுசு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப எப்படிப் பாத்தாலும் ஒங்களுக்குத்தான பட்டம்? வந்து ரெண்டு இட்லியச் சாப்பிடுங்க."

வழிகாட்டி தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொன்னார். "அறிக்கை ரெண்டும் நல்லபடியா வந்திருச்சு அண்ணாச்சி, வாய்மொழித் தேர்வு ஜூலையில, அதுவரைக்கும் யார் கிட்டயும் வாயத் தொறக்காதீக."

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஆய்வேட்டின் ஒரு பிரதி பொதுமக்கள் பார்வைக்காக நூலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பொதுமக்களில் எவரும் பார்த்ததாக என் அனுபவத்தில் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஐம்பது கையெழுத்து சேர்க்க, பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களைக் கூப்பிடுவதும், வந்தவர்கள் வடைக்கும் காபிக்கும் காத்திருப்பதும்தான் வழக்கம்.

அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தேர்வாளர் முன்வரிசையில் தன் பிரதியை மடியில் வைத்திருந்தார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். புதிய டெர்மைப் பற்றிய படத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன். அவையிலிருந்து கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அது சம்பிரதாயமாகக் கேட்பது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். வேறொரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர்.

"சார், நீங்க இப்பக் காட்டுன படத்துல ஒமேகா-பி ஆறாயிரத்து நூத்தி அறுபத்தஞ்சுன்னு இருக்கு. ஆனா ஆய்வேட்டுல எண்பத்தி நாலாம் பக்கத்துல ஆறாயிரத்து அறுபதுன்னு இருக்கே?"

"எந்த ஆய்வேட்டுலம்மா?"

"லைப்ரரியில இருக்கறதுல. போன வாரம் உக்காந்து முழுசாப் படிச்சேன் சார். புதுசா வந்த அளவுக்கு அம்புட்டுப் பக்கத்துல இருக்கு, அதச் சொல்லாம விட்டுட்டீகளேன்னுதான் கேக்கேன்."

தேர்வாளர் தன் பிரதியில் எண்பத்து நான்காம் பக்கத்தைத் திருப்பினார். ஆறாயிரத்து நூற்று அறுபத்தைந்து. நூலகப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். நான் நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆறில் ஐந்தில் புதிய தாள்கள். ஒன்றில் மட்டும் பழைய நாற்பத்தெட்டுத் தாள்களே மறுபடி ஏறியிருக்கின்றன. எண்ணிக்கை சரி, பக்க எண்ணும் சரி. சரியாக இருக்கும்படி செய்தவன் நான்தான்.

அவையை வெளியே அனுப்பிவிட்டு, தேர்வாளர், வழிகாட்டி, நான் என்று எங்கள் மூவரையும் துறைத் தலைவர் அறையில் உட்காரவைத்தார்கள். தேர்வாளர் கோபக்காரர் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"ரெண்டு பிரதி ரெண்டு விதமா இருந்தா என்ன விதி?" என்று கேட்டார்.

வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "வேணும்னு செஞ்சதா இருந்தா தேர்வு ரத்து. அச்சு அல்லது பைண்டிங் பிழையா இருந்தா, ஆய்வாளர் எழுதிக் குடுத்து, வழிகாட்டி மேலொப்பம் போட்டு, பதினஞ்சு நாள்ல அந்தப் பிரதியை மாத்தி வைக்கணும்."

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார். முடிஞ்சுபோகட்டும்."

"ஐயா, அந்த எண்தான் இப்ப சரி. மே மாசம் வந்த அளவு..."

"பாத்தேன். உங்க பழைய கணக்கு நல்ல கணக்குதான். ஆனா நான் மதிப்பிட்டு ஒப்புதல் குடுத்தது இந்த ஆய்வேட்டை. அதுல இருக்கற எண் இது. அதை எப்படி இன்னைக்கு நான் மாத்தறது?"

அவர் சொன்னது விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. என் முன்னால் யாராவது இப்படிக் கேட்டு வந்திருந்தால் நானும் வார்த்தைக்கு வார்த்தை அதையே சொல்லியிருப்பேன். அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது?

"ஒரு வரி சேர்த்துக்கலாமா? அந்த எண் பின்னால வந்த அளவோட ஒத்துப்போகுதுன்னு?"

"பிழைன்னு எழுதிட்டு, அந்தப் பிழை சரின்னும் எழுத முடியாதே சார்" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, போடுங்க" என்றார் வழிகாட்டி, என் பேனாவைத் திறந்து நீட்டியபடி. "வெளிய ஐம்பது பேரு காத்திருக்காக."

வாசகத்தை அவர்கள் எழுதவில்லை, நானே எழுதினேன். அவர்கள் எழுதியிருந்தால் ஓட்டை இருந்திருக்கும். நூலகப் பிரதியில் எழுபத்தொன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரையுள்ள பக்கங்கள் பைண்டிங்கின்போது தவறுதலாகச் சேர்ந்தவை என்றும், அவற்றில் உள்ள எண்கள் என் ஆய்வின் முடிவுகள் அல்ல என்றும் எழுதி, மூன்று நகலில் கையெழுத்திட்டேன். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கைதட்டினார்கள். அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் கேட்டேன்" என்றார், அழுகிற குரலில். "படிச்சீகளேம்மா, அதுவே பெருசு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசினால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இனி ஒரு கட்டுரையாக ஆறாயிரத்து அறுபதை எழுதி அனுப்பலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அளந்த பிறகு சொல்கிற எண்ணுக்கு யாரும் கணிப்பு என்று பெயர் வைக்க மாட்டார்கள். முன்பே சொன்னேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நூலகப் பிரதி. அதைப் பதினான்காவது நாள் நானே மாற்றி வைத்தேன்.

மறு வருஷம் வேறு மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வாளர் தபாலில் தன் கட்டுரையின் நகலை அனுப்பியிருந்தார். என் ஆய்வேட்டை மேற்கோள் காட்டியிருப்பதால் மரியாதைக்கு அனுப்புவதாக உறைக்குள் ஒரு சீட்டு. உலகத்தில் என்னை மேற்கோள் காட்டிய முதல் ஆள். அட்டவணையில் பத்துப் பன்னிரண்டு பேருடைய கணக்குகள் வரிசையாக இருந்தன. எல்லாமே ஆறாயிரத்து ஐம்பது, அறுபது, எழுபது என்று நெருங்கி நின்றன. கடைசி வரியில், என் பெயருக்கு நேரே, ஆறாயிரத்து நூற்று அறுபத்தைந்து. கீழே ஒரு குறிப்பு: இந்தக் கணக்கு மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்பது தெரியவில்லை, ஆசிரியர் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். நாலைந்து தடவை ஆரம்பித்தேன். பழைய எண் என்னுடையதுதான் என்று எழுதினால், பல்கலைக்கழகக் கோப்பில் மூன்று நகலில் இருக்கும் கையெழுத்து என்னுடையது அல்ல என்று சொல்ல வேண்டும். கடைசியில், தங்கள் கட்டுரை கிடைத்தது, நன்றி என்று எழுதி, தேதி போட்டு, உறையை ஒட்டினேன்.